எழுத்து உடையவில்லை

 

நாள் முழுக்க ஏலக்காட்டில் குனிந்து காய் எடுத்துவிட்டு, நோட்டும் பென்சிலுமாக இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களை அதிக நேரம் உட்கார வைக்க மாட்டேன். இன்று ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறோம். கம்ப்யூட்டரிலோ போனிலோ பாடம் படிக்கப் போகிறோம். நடுவில் தடங்கல் வருகிறது. அப்போது என்ன செய்வது? அதுதான் விஷயம்.

இது பெரிய படிப்பு படித்தவர்கள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நானும் பள்ளிப் படிப்போடு நின்றவள்தான். நான் தப்புச் செய்து கற்றுக்கொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

இங்கே நடந்தது

இதே மையத்தில் நடந்தது இது. பெயர் வேண்டாம். நம்மில் ஓர் அம்மா. ஐம்பது வயது தாண்டியவர். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இங்கே வந்துதான் ‘அ’ எழுதப் பழகினார். பிறகு கம்பம் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்காமல், பலகையைப் படித்துப் பஸ் ஏறினார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அவருடைய பேத்தி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். மலையாளம் நன்றாக எழுதுவாள். வீட்டில் தமிழ் பேசுவாள். ஆனால் தமிழ் படிக்கத் தெரியாது. ‘நானே அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்’ என்று இந்த அம்மாவுக்கு ஆசை. ஒரு நாள் என்னிடம் வந்தார்.

“இன்டர்நெட்டுல சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் இருக்காமே. எடுத்துக் காட்டு பாப்பா” என்றார்.

நான் தேடி ஒரு பழைய பாடப் பக்கத்தைத் திறந்தேன். திரையில் தமிழே இல்லை. கொக்கிகள், கோடுகள், தலையில் தொப்பி வைத்த இங்கிலீஷ் எழுத்துகள், முக்கால் என்று கணக்கில் போடும் குறி, தலைகீழாக நிற்கும் கேள்விக்குறி. இப்படிப் பக்கம் முழுக்க இருந்தது.

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார். “மறந்துபோச்சு பாப்பா. ஒரு எழுத்துகூடத் தெரியல.”

எனக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. ‘எனக்கும் தெரியலம்மா’ என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லவில்லை. அவசரமாக அங்கே அமுக்கினேன், இங்கே அமுக்கினேன். மூன்று நான்கு அமைப்புகளை ஒரே சமயத்தில் மாற்றினேன். எதை மாற்றினேன் என்று எழுதி வைக்கவில்லை. கடைசியில் நன்றாக இருந்த பக்கங்களும் கெட்டுப்போயின. “நாளைக்கு வாங்கம்மா” என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பத்து நாள் ஆயிற்று. அவர் இருக்கும் லயத்துக்குத் தேடிப் போனேன். “வயசாயிருச்சுல்ல பாப்பா. படிச்சதெல்லாம் நிக்க மாட்டேங்குது. என்னை விட்டுரு” என்றார்.

யோசித்துப் பாருங்கள். கோளாறு பக்கத்தில் இருந்தது. பழியை அவர் தன் மேல் போட்டுக்கொண்டார். நான் வாய் திறக்காததால் அந்தப் பழி அப்படியே நின்றுவிட்டது.

எழுத்துக்கு ஓர் எண்

அந்தப் பக்கம் ஏன் அப்படித் தெரிந்தது? இப்போது பார்ப்போம்.

கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். நாம் எழுத்தை அடித்தால் அது எண்ணை எழுதி வைத்துக்கொள்ளும். திரும்பக் காட்டும்போது எண்ணைப் பார்த்து எழுத்தை வரையும்.

தோட்டத்தில் பேர் பதியும் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்தில் 12 என்று கூப்பிட்டால் ஓர் ஆள் வருவார். அடுத்த தோட்டத்தில் 12 என்று கூப்பிட்டால் வேறோர் ஆள் வருவார். எண் ஒன்றுதான். நோட்டு வேறு. அந்த நோட்டை இங்கே கொண்டுவந்து பேர் கூப்பிட்டால் என்ன ஆகும்? எல்லாம் குழம்பிப்போகும். ஆனால் ஆட்கள் யாரும் காணாமல் போகவில்லை.

தமிழ் எழுத்துக்கும் இதுதான் நடந்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் எழுத்துப் பட்டியலில் 256 இடங்கள்தான் உண்டு. முதல் பாதியான 128 இடங்களில் இங்கிலீஷ் எழுத்தும் எண்களும் குறிகளும் உட்கார்ந்துகொண்டன. மீதி 128 இடங்கள். தமிழுக்கோ 247 எழுத்துகள். எல்லாவற்றையும் உட்கார வைக்க முடியாது. ஆகவே கொம்பு, கால் போன்றவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி வைத்தார்கள். ‘திஸ்கி’ என்று ஒரு பட்டியல் வந்தது. ‘டாம்’, ‘டாப்’ என்று வேறு பட்டியல்கள் வந்தன. இவை தவிரக் கம்பெனிகள் தாங்களாகவே வைத்துக்கொண்ட பட்டியல்களும் உண்டு.

திஸ்கி பட்டியலில் 171 என்றால் ‘அ’. 190 என்றால் ‘த’. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பட்டியலில் 171 என்றால் இரண்டு சின்னக் கொக்கிகள். 190 என்றால் முக்கால் என்னும் குறி. நாங்கள் அன்று பார்த்த கொக்கியும் முக்காலும் எங்கிருந்து வந்தன என்று இப்போது புரிகிறதா? அந்தக் கொக்கிதான் ‘அ’. அந்த முக்கால்தான் ‘த’. எழுத்து உடையவில்லை. நம் கம்ப்யூட்டர் தப்பான நோட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட்டது.

கடல் கடந்தவர்களுக்கு வந்த பாடம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு கவிதைத் தளம் வந்தது. அதில் தமிழும் இடம் பெற்றது. அதற்கு உழைத்தவர் நா. கோவிந்தசாமி. 1998 பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் அதை முன்நின்று நடத்தினார். பல நாட்டுத் தமிழர்கள் பழைய தமிழ் நூல்களைத் தாங்களே தட்டச்சு செய்து கொடுத்தார்கள். கூலி வாங்கவில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ என்று ஒரு மாநாடு நடந்தது. எழுத்துப் பட்டியலும் தமிழ் விசைப்பலகையும் ஆளுக்கு ஒன்றாக இருக்கக் கூடாது என்று அங்கே பேசி முடிவு எடுத்தார்கள். உலகத் தமிழர்களுக்காக இணையத்தில் ஒரு பல்கலைக்கழகம் வரும் என்றும் அங்கே அறிவித்தார்கள். அதன்படி 2001 பிப்ரவரி 17-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். மழலைக் கல்வி, சான்றிதழ்ப் படிப்பு, பட்டப் படிப்பு, நூலகம் எல்லாம் அதில் உண்டு.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அவர்களை மனதில் வைத்து வந்த பாடம் அது. நம் கம்பம்மெட்டுப் பிள்ளைகள் கதை என்ன? அதே கதைதானே! அவர்கள் கடல் கடந்து போனார்கள். நாம் மலை ஏறி வந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பாடம் நமக்கும் பாடம்தான்.

ஆனால் அந்த நாளில் தமிழ்த் தளம் படிப்பது லேசாக இல்லை. டெலிபோன் கம்பி வழியாகத்தான் இன்டர்நெட். மிக வேகமான மோடம் இருந்தாலும், ஒரு மெகாபைட் படம் இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நடுவில் லைன் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழுத்துத் தெரிய, அந்தத் தளத்தின் எழுத்துருவை முதலில் இறக்கிக் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும். எழுத்துரு என்றால் எழுத்துகளின் வடிவங்கள் அடங்கிய பெட்டி. ‘ஃபாண்ட்’ என்பார்கள். தளத்துக்குத் தளம் பெட்டி மாறும். தமிழ் படிக்க வந்த பலர் இந்த முதல் படியிலேயே திரும்பிப் போயிருப்பார்கள்.

இதற்கு முடிவு கட்டியது ‘யூனிகோடு’. உலகத்தின் எல்லா மொழிகளுக்கும் ஒரே பெரிய நோட்டு. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதில் ‘அ’வின் எண் 2949. ‘த’வின் எண் 2980. இந்த எண்ணில் வேறு எந்த மொழி எழுத்தும் இருக்காது. ஆனால் கம்ப்யூட்டர்கள் அதைக் கற்றுக்கொள்ள நாள் ஆயிற்று. விண்டோஸ் 2000 வந்தபோதுதான் மைக்ரோசாப்ட் கம்ப்யூட்டர்களில் யூனிகோடு தமிழ் வந்தது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அதற்கு முன் எழுதிய பக்கங்கள் சில இன்னும் பழைய நோட்டிலேயே கிடக்கின்றன. அப்படி ஒரு பக்கத்தைத்தான் நான் அன்று திறந்தேன்.

கோளாறு எங்கே?

இனி நம் கையில் இருக்கும் வேலைக்கு வருவோம்.

ஊற்றிலிருந்து வீட்டுக்கு ஓஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுவருகிறோம். ஒரு நாள் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வோம்? குழாயை உடைப்போமா? மாட்டோம். முதலில் பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்போம். பிறகு ஓஸைப் பிடித்துக்கொண்டே நடப்போம். எங்கே மடங்கியிருக்கிறது, எங்கே பிடுங்கியிருக்கிறது என்று பார்ப்போம். கடைசியில் ஊற்றைப் பார்ப்போம். இந்த அறிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே இங்கே பயன்படுத்த வேண்டும்.

ஒன்று: கையை எடுங்கள். எதையும் அமுக்க வேண்டாம். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். படிக்க முடிந்ததை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: வேறு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் திறக்கவில்லை என்றால் கோளாறு நம் பக்கம். கரண்ட் இருக்கிறதா? வயர் சரியாக இருக்கிறதா? டேட்டா தீர்ந்துவிட்டதா? நம் மலையில் ஒரு திருப்பத்தில் சிக்னல் இருக்கும், அடுத்த திருப்பத்தில் இருக்காது. நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள்.

மூன்று: மற்றப் பக்கம் எல்லாம் திறக்கிறது, இது மட்டும் திறக்கவில்லையா? இன்னொருவர் போனில் இதே பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அதிலும் இல்லையென்றால் கோளாறு ஊற்றில். அந்தத் தளத்தில்தான். காத்திருப்போம். நாம் எதையும் மாற்ற வேண்டாம்.

நான்கு: தேதியையும் மணியையும் பாருங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பழைய கம்ப்யூட்டருக்குள் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால், கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் பல வருடம் பின்னால் போய்விடும். இன்றைய தளங்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். கம்ப்யூட்டரின் தேதி தப்பாக இருந்தால் நல்ல சான்றிதழைக்கூட அது ஒப்புக்கொள்ளாது. பக்கம் திறக்காது. தேதியைச் சரிசெய்தால் திறந்துவிடும்.

ஐந்து: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். மாற்றுவதற்கு முன் பழையது என்ன என்று எழுதி வையுங்கள். பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். நான் அன்று செய்யாதது இதுதான்.

எழுத்தே அடையாளம் காட்டும்

எழுத்து சரியாகத் தெரியவில்லையா? எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வேறு வேறு மருந்து அல்லவா?

கட்டம் கட்டமாகத் தெரிந்தால், எண் சரியாக வந்திருக்கிறது, ஆனால் வரைவதற்கு எழுத்துரு இல்லை என்று பொருள். ஆரம்ப கால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இப்படித்தான் இருந்தது. இன்றைய போன்களில் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது.

தமிழ் தெரிகிறது, ஆனால் கொம்பு தப்பான இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் எழுத்துரு இருக்கிறது. எழுத்தைச் சேர்த்துக் கோக்கும் வித்தை அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. மென்பொருள் பழையது. புதியதாக்க வேண்டும்.

கொக்கியும் தொப்பி எழுத்துமாக வந்தால், அது பழைய நோட்டு. அதற்கு எழுத்து மாற்றி வேண்டும். அந்த எழுத்தை நகலெடுத்து மாற்றியில் ஒட்ட வேண்டும். எந்தப் பட்டியலில் எழுதியது என்று தேர்ந்தெடுத்தால் யூனிகோடாக மாற்றித் தரும். ‘பொங்குதமிழ்’, ‘என்.எச்.எம். மாற்றி’ போன்றவை இதற்காகவே வந்தவை. முதலில் தேர்ந்தெடுத்தது சரியில்லை என்றால் அடுத்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாவிக்கொத்தில் ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்க்கிற மாதிரிதான்.

எழுத்து நன்றாக இருக்கிறது, படம் மட்டும் ஆடவில்லை, பாட்டு வரவில்லையா? பழைய பாடத் தளங்களில் ‘ஃபிளாஷ்’ என்ற மென்பொருளால் ஆடும் படங்கள் செய்தார்கள். அந்த ஃபிளாஷை 2020 டிசம்பர் 31-ஓடு நிறுத்திவிட்டார்கள். நீங்கள் எவ்வளவு அமுக்கினாலும் அது ஆடாது. உங்கள் கையில் குறை இல்லை.

ஓர் எச்சரிக்கை

இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தக் காலத்தில் எழுத்துரு இறக்குவது தேவையாக இருந்தது. இன்று பெரும்பாலும் தேவை இல்லை. 2017-இல் ஏமாற்றுக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். சில பக்கங்களில் எழுத்தை வேண்டுமென்றே குழப்பிக் காட்டினார்கள். ‘எழுத்துரு இல்லை, இதை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு பெட்டியும் வைத்தார்கள். நம்பி இறக்கியவர்களின் கம்ப்யூட்டருக்குள் கெட்ட மென்பொருள் புகுந்தது.

ஆகவே, படித்துக்கொண்டிருக்கும் பக்கம் திடீரென்று ‘இதை இறக்கு, அதைச் சேர்’ என்றால் அமுக்க வேண்டாம். மூடிவிடுங்கள். ‘கோளாறைச் சரிசெய்து தருகிறேன்’ என்று போனில் யாராவது கூப்பிட்டால், ஓ.டி.பி. எண்ணையோ பாஸ்வேர்டையோ சொல்லவே வேண்டாம். உதவி செய்ய வருகிறவருக்கு அந்த எண் தேவைப்படாது.

கேட்பது குறைவில்லை

உங்களால் முடியவில்லை என்றால் கேளுங்கள். எப்படிக் கேட்பது? மூன்று விஷயம் சொன்னால் போதும். நான் என்ன செய்தேன்? திரையில் என்ன வந்தது? வேறு எதையெல்லாம் பார்த்துவிட்டேன்? ‘போன் ஓடல’ என்று மட்டும் சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘மற்றப் பக்கம் திறக்குது. இது மட்டும் திறக்கல. தேதி சரியா இருக்கு’ என்று சொல்லுங்கள். பாதி வேலை முடிந்துவிடும்.

நம் கேரளத்தில் 1991 ஏப்ரல் 18-இல் கோழிக்கோட்டில் முழு எழுத்தறிவு அறிவிப்பு வந்தது. அதைப் படித்து அறிவித்தவர் மந்திரி இல்லை. முதிய வயதில் எழுத்துக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி. மலப்புறம் மாவட்டத்துக்காரர். அதே மலப்புறத்தில்தான் 2002 நவம்பரில் ‘அட்சயா’ திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் பழக வேண்டும் என்பது அதன் நோக்கம். நம்மைப் போன்றவர்கள்தான் இரண்டு தடவையும் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தெரியாததைத் தெரியாது என்று உடனே சொல்லிவிட வேண்டும். நாம் மழுப்பினால், எதிரே இருப்பவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? நான் லயத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். “அந்தப் பக்கத்தை என்னாலயும் படிக்க முடியலம்மா. யாராலயும் முடியாது” என்றேன். அவர் நம்பவில்லை. “சும்மா சொல்லாத” என்றார். மறுநாள் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கண் முன்னால் அந்தக் கொக்கிகளை நகலெடுத்து மாற்றியில் ஒட்டினேன். முதல் பட்டியலைத் தேர்ந்தெடுத்தேன். வேறு கிறுக்கல் வந்தது. “வரலம்மா. அடுத்ததப் பாப்போம்” என்றேன். திஸ்கியைத் தேர்ந்தெடுத்தேன். திரை முழுக்கத் தமிழ் வந்தது.

அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அணில். ஆடு. இலை. பேத்தி கூடவே சொன்னாள். ஈ வரை வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“அப்ப எனக்கு மறக்கலையா?”

“மறக்கலம்மா.”

இன்றும் அவர் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் வரும்போது ஒவ்வொருவரும் ஒரு வேலை செய்து வாருங்கள். உங்கள் போனில் ஏதாவது ஒரு தடங்கல் வரும். கட்டாயம் வரும்! அன்று தேதி என்ன, திரையில் என்ன வந்தது, நீங்கள் என்ன செய்து பார்த்தீர்கள் என்று மூன்று வரி எழுதி வாருங்கள். தீர்ந்தாலும் எழுதுங்கள், தீராவிட்டாலும் எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம்.